கரை காட்டிய முப்பாட்டன்

அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பலைத் துறைமுகத்தில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு காகம் குடும்பத்தோடு பார்க்க வந்தது.

"நடுக்கடல்ல திசை தெரியலைன்னா கூண்டைத் திறந்து நம்ம முப்பாட்டனைத்தான் விடுவாங்க. அவர் பறக்கிற பக்கம் கரை. கப்பல் பின்னாலேயே வரும்!" என்று நெஞ்சை நிமிர்த்தியது அப்பா காகம்.

"கரையே தென்படலைன்னா?" என்றது அம்மா காகம்.

"திரும்பி வந்து தானாவே கூண்டுக்குள்ள போயிடுவாரு. அவ்வளவு விசுவாசம்!"

குஞ்சு கீழ்த்தளத்தை எட்டிப் பார்த்தது. அங்கே பூட்டிய கூண்டுக்குள் மரத்தில் செய்த காகம் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, முப்பாட்டன் இன்னும் உள்ளேதான் இருக்காரு! கப்பல்தான் கரைக்கு வந்துடுச்சே, ஏன் திறந்துவிடல?"

அப்பா காகம் கரையைப் பார்த்தது. கூண்டைப் பார்த்தது.

"அவர் இல்லாம இவங்களுக்கு இன்னும் வழி தெரியலையோ என்னமோ," என்றது.