நெஞ்சளவு தண்ணீர்

"போன மழைக்கு இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு நின்னுச்சு? உங்க உடம்புலேயே தொட்டுக் காட்டுங்க."

வரைபடத்தோடு வந்த கணக்கெடுப்புப் பெண் வாசல் வாசலாக இதையேதான் கேட்டாள். பெருமழை வந்தால் நகரத்தில் எந்த ரோடு மூழ்கும், எந்தத் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வரமுடியாது என்று பார்க்கிறார்களாம். இடுப்புக்கு மேல் தண்ணீர் நிற்கிற தெருவுக்குச் சிவப்புக் கோடு. மழைக்கு முன்னாலேயே அங்கே ஒரு படகு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

படகு கிடக்கட்டும். சிவப்புக் கோடு விழுந்த தெருவுக்கு அப்புறம் யார் குடிவருவார்கள்?

தெருவே சொல்லிவைத்த மாதிரி குனிந்து கணுக்காலைத் தொட்டது. தெருவிலிருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் புருஷனும் தொட்டான். போன மழைக்கு மேஜைமேல் கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த மனுஷன். எட்டு மாச வயிற்றோடு அவள் பின்னால் நின்றிருந்தாள். அந்த மழைக்குப் பிறகு கட்டிய மாடிக்கு வாடகைக்கு ஆள் வரவேண்டுமே என்பது அவன் கவலை.

எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும் குனியவில்லை. நிமிர்ந்து நின்று நெஞ்சில் கை வைத்தாள்.

கணக்கெடுப்புப் பெண் இரண்டு தடவை கேட்டாள். கை இறங்கவில்லை. போன மழையில் சுவரில் படிந்த கறையையும் தையல்காரி காட்டினாள். சிவப்புப் பென்சில் வெளியே வந்தது.

அந்தப் பெண் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். துணி தைக்கும்போது அரை இஞ்ச் கூட விடாதவள், தண்ணீரில் மட்டும் தாராளமாக விட்டிருக்கிறாள் என்று ஒருத்தர் சிரித்தார்.

"வீட்டை வித்துட்டு மக ஊருக்குப் போறவதானே," என்றான் புருஷன். "போற போக்குல நம்ம தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டா."

மனைவிக்கும் மனசு ஆறவில்லை. புருஷன் வெளியே போனதும் மெல்ல எதிர்வீட்டுக்குப் போனாள்.

தையல்காரி கட்டிவைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, கிளம்புற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?"

"முதல்ல உட்காரு." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உனக்கு மழை மாசத்துலதானே நாள் சொல்லியிருக்காங்க?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையை ஆட்டினாள்.

"அதுக்குத்தான். படகு வந்து நிக்கட்டும்."

அடுக்கிய பாத்திரங்களைப் பார்த்தாள் அவள். மகள் வீட்டுக்கு எப்போது கிளம்புவதாக உத்தேசம் என்று கேட்டாள்.

தையல்காரி ஒரு தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

"இப்போதைக்கு இல்லடி. நான் நெஞ்சுல கை வெச்சப்போ, வீடு வாங்க வந்தவங்க உள்ளே உட்கார்ந்து பார்த்துட்டுதான் இருந்தாங்க."