செண்பகவல்லியின் மதிப்பெண்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்த செண்பகவல்லி, சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்று நாற்பத்தோரு வயதில் வணிகப் புள்ளியியல் படிக்கச் சேர்ந்தாள். அவளுடைய வயதையும் தெருவையும் பழைய மதிப்பெண்களையும் பார்த்து, பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் வரும் என்று அவள் சேர்ந்த அன்றே கல்லூரி கணித்துச் சொல்லிவிட்டது. அவள் விடவில்லை. மெஷின் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்து, பரீட்சையில் தொண்ணூற்று நான்கு எடுத்தாள்.

விரிவுரையாளர் மகிழன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான்தாங்க திருத்தினேன், குறையே சொல்ல முடியாது. ஆனா கணிப்பை விட்டு ரொம்பத் தள்ளி நிக்கறீங்க," என்றார் தயங்கியபடி. "இப்படித் தனியா நிக்கற எண்ணை என்ன செய்யணும்னு ஆறாம் பாடத்துல இருக்குதுங்களே?"

"கணக்குல சேர்க்காம நீக்கிடணுங்க சார்," என்றாள் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"சரியான பதிலுங்க," என்று தலையைக் குனிந்துகொண்டே மகிழன் மதிப்பெண் பட்டியலிலிருந்து அவள் பெயரை அழித்தார்.