பிரேக் போட்ட வண்டி

"பிரேக்கை மட்டும் தொடாதீங்க. அதுல ஒரு கோளாறும் கிடையாது. துடைச்சு எண்ணெய் விட்டுக் கொடுத்தாப் போதும்."

வாத்தியார் சொன்னதைக் காதிலேயே வாங்காமல், மடக்கி வைத்திருந்த வீல்சேரை விரித்துத் தரையில் நிறுத்தினார் மெக்கானிக். தெருவில் அவருக்கு ஸ்பேனர் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஆட்டி அசைத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"யாரோடது சார்?"

"அப்பாவோடது. நாளையோட அவர் போய் ஒரு வருஷம். பரண்ல சும்மா கிடக்குதேன்னு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் போறேன்."

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. அக்கா. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. நினைவு நாளுக்கு வரலாமா என்று கேட்டு அவள் அனுப்பியிருந்த செய்திக்கு வாத்தியார் பதில் போடவில்லை. போடப் போவதும் இல்லை. அழைப்பைத் துண்டித்தார்.

"எடுத்துப் பேசுங்க சார், எனக்கொண்ணும் அவசரமில்லை."

"பேச என்ன இருக்கு? அப்பா சாவுக்குக் காரணமே அவதான்."

ஸ்பேனரின் கை அப்படியே நின்றது. அவர் கேட்காமலே வாத்தியார் ஆரம்பித்துவிட்டார். ஒரு வருடமாகக் கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்தக் கதை அவர் வாயில் வழவழப்பாகிவிட்டிருந்தது. அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன அக்கா, திரும்பி வந்ததும் வாசல் சரிவில் அவர் உட்கார்ந்திருந்த இந்த வண்டியை நிறுத்திவிட்டு கேட்டைத் திறக்கப் போனாள். வண்டி உருண்டு தெருவில் கவிழ்ந்தது. இடுப்பெலும்பு முறிந்து, மூன்றே வாரத்தில் அப்பா போய்விட்டார். அதோடு அக்காவை வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார் வாத்தியார்.

"பிரேக் போட்டேன், போட்டேன்னு சாதிச்சா. நான் ஓடி வந்து வண்டியை நிமிர்த்தினப்போ பிரேக் போட்டுத்தான் இருந்தது. விழுந்தப்புறம் போட்டு வைக்க எவ்வளவு நேரமாகும்? நான் கணக்கு வாத்தியார். பிரேக் போட்ட வண்டி எப்படி உருளும்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். ரெண்டு நாள் அழுது சத்தியம் பண்ணினா. மூணாம் நாள்லேருந்து வாயே திறக்கலை. தப்பு பண்ணாதவ எதுக்கு ஊமையாகணும்?"

ஸ்பேனர் வண்டியைக் கடை வாசல் சரிவுக்குத் தள்ளிப்போய், இரண்டு பக்கமும் பிரேக்கை இழுத்துப் போட்டார். பழைய பேட்டரி இரண்டைத் தூக்கி இருக்கையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். வண்டி மெல்ல நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. தாவிப் போய்ப் பிடித்தார்.

வாத்தியாரின் முகம் வெளுத்தது. "பிரேக் போட்டும் உருளுதே!"

"இந்த பிரேக் பெரிய சமாச்சாரம் இல்ல சார். டயரை அழுத்துற இரும்புத் துண்டு, அவ்வளவுதான். டயர் விறைப்பா இருந்தாத்தான் பிடிக்கும். காத்து குறைஞ்சுட்டா சும்மா தொட்டுக்கிட்டு நிக்கும். அதான் சரிவுல நிறுத்தினா வண்டியைக் குறுக்கே திருப்பணும், வாரம் ஒரு தடவை டயரை அமுக்கிப் பார்க்கணும்னு சொல்றது."

"ஒரு வருஷமா பரண்ல கிடந்தா காத்து இறங்காம என்ன செய்யும்?" வாத்தியாருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "அப்போ அப்படியில்ல. காத்தும் எண்ணெயும் என் இலாகா. சனிக்கிழமை தவறாம நானே அடிப்பேன். அவர் விழுந்தது திங்கட்கிழமை. டயர் கல்லு மாதிரி இருக்கும். அப்பாவே கிண்டல் பண்ணுவார். 'முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு பயணி குலுங்குதுன்னு சொன்னதில்லை. நீ ரெண்டு தெரு தள்ளுறதுக்குள்ள எனக்கு எலும்பெல்லாம் கழண்டு வருதுடா'ன்னு."

இருவரும் சிரித்தார்கள்.

"அப்படின்னா உங்க அக்காதான் போடலை போல," என்றபடி ஸ்பேனர் பம்பை எடுத்துக் காற்று அடித்தார். மறுபடியும் சரிவு, மறுபடியும் பேட்டரிகள். இந்த முறை வண்டி அசையவே இல்லை.

"இப்ப ஒரு தடவை தள்ளிப் பாருங்க சார்."

பேட்டரிகளை இறக்கிவிட்டு, கடைக்கு முன்னால் கல் பாவியிருந்த இடத்தில் வாத்தியார் வண்டியைத் தள்ளினார். அது தடதடவென்று ஆடியது. அந்த ஆட்டம் கைப்பிடி வழியாக அவர் முழங்கை வரை ஏறியது. நாலடி போனவர் சட்டென்று நின்று, தன் வலது கட்டைவிரலையே பார்த்தார்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை அப்பா கிண்டல் செய்யவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்க முடியவில்லை என்றார்.

"என்ன சார், எங்கேயாவது இடிக்குதா?"

வாத்தியார் செல்போனை எடுத்தார். இரண்டு முறை தப்பாக அழுத்தினார். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"அக்கா... நீ பிரேக் போட்டேக்கா. அப்பாவுக்கு வலிக்குதேன்னு அந்தச் சனிக்கிழமை ரெண்டு டயர்லயும் வால்வை இந்தக் கட்டைவிரலால அழுத்திப் பாதிக் காத்தை இறக்கி விட்டது நான்தான். சுத்தமா மறந்தே போச்சுக்கா. உன்னைப் போய் நான்..."

 

"தெரியும்டா," என்றாள் அக்கா. "விழுந்த மூணாம் நாளே ஆஸ்பத்திரியில அப்பா சொல்லிட்டார். 'காத்துதாம்மா காரணம், ஆனா தம்பிக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான், பழியை நீயே வச்சுக்கோ'ன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்."