மிதந்த துளி

"எட்டாங்கிளாஸ்ல படிச்சது ஏதாவது மண்டையில இருக்காடி?" என்று ரத்த வங்கி அக்கா கேட்டாள். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அன்று மதியம் அண்ணிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. வங்கியில் அந்த வகை ரத்தம் தீர்ந்திருந்தது; அண்ணனுக்கு மட்டும்தான் அதே வகை.

அக்கா அவன் ரத்தத்தில் ஒரு துளியை நீல மயில்துத்தக் கரைசலில் விட்டாள். துளி மிதந்தது.

"உடம்புல ரத்தமே இல்லையே தம்பி! துளி முங்கினாத்தான் எடுப்பேன்."

"இன்னொரு தடவை பாருங்கக்கா," என்று கெஞ்சினேன். புது ஊசி எடுத்து வந்தாள். இரண்டாம் துளி முங்கியது.

அண்ணி பிழைத்தாள். ரத்தம் கொடுத்த கட்டிலிலிருந்து அண்ணன் எழவேயில்லை.

பத்தாம் நாள் அக்கா கேட்டாள்: "மிதந்தது எப்படிடி முங்கிச்சு?"

"நீங்க ஊசி எடுக்கப் போனப்ப கரைசல்ல தண்ணி ஊத்தினேன்க்கா. அது கனம் குறைஞ்சா துளி முங்கிடும். எட்டாங்கிளாஸ்ல படிச்சது."

என்னைக் கூட்டிப்போகக் கைக்குழந்தையோடு வந்த அண்ணி வாசலில் நின்றிருந்தாள். என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.