கோலில் நின்ற ஆமை

“அந்த ஆமையை வெளிய எடுங்க, மாஸ்டர்” என்று சுவரிலிருந்து காகம் மூன்றாவது முறையாகக் கத்தியது. பக்கத்தில் இருந்த ஓணான் தலையாட்டியது.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து கோட்டோரம் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு திரும்பிப் பார்க்கவில்லை. இன்று தோற்றால் வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்வதாகக் கழகத் தலைவர் எருமை காலையிலேயே சொல்லிவிட்டது. இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. அந்த நேரம் பார்த்து எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தது குரங்கு.

“போன வருசமே இந்தக் குரங்கை நம்ம டீமுக்கு எடுக்கச் சொன்னேன்” என்றது காகம். “இவர் கிணத்துக்குத் தண்ணி குடிக்கப் போனாரு. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு ஆமையைத் தூக்கிட்டு வந்துட்டாரு.”

ஓணான் அதற்கும் தலையாட்டியது.

தேர்வுக்கு வந்தவர்களில் சொன்ன இடத்தில் கடைசிவரை நின்றது ஆமை மட்டும்தான். அதைக் கொக்கு யாரிடமும் சொன்னதில்லை.

குரங்கு ஓடி வந்து உதைத்தது. ஆமை பயந்துபோய்த் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பந்து ஓட்டில் பட்டு நடுமைதானம் வரை பறந்தது. ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள்.

“ஓடு இருக்கிறவன்தான் கோல்கீப்பருக்கு லாயக்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றது காகம். “குரங்குகிட்ட வாலைத் தவிர என்ன இருக்கு?”

ஓணான் தலையாட்டியது.

“அடுத்து அந்த வாத்தை மாத்தணும். மாஸ்டருக்கு நாமதான் எடுத்துச் சொல்லணும்.”

கொக்கு மெதுவாக இன்னொரு காலையும் தரையில் ஊன்றியது.