மழுங்கிய மூலை

பத்மநாதன் காட்டிய கதிரையில் இக்னேசியஸ் இருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

அதே கட்டடத்தில் நாலாம் மாடியில் அவர் வீடு. மகன் றிச்சர்டிடம் ஒரு பேஸ்போல் கார்ட் இருந்தது; பிள்ளைகள் சேர்த்து மாற்றிக்கொள்கிற படக் கார்ட். புளூ ஜேய்ஸ் அணி ஆட்டக்காரன் ஒருவனின் முதல் வருடக் கார்ட். அந்த அணி கோப்பையை இரண்டாம் தரமும் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து மூன்று கிழமை. அந்தக் கார்டுக்கு இப்போது ஊரே அடிபடுகிறது. அது பையனின் அல்பத்தில் இல்லை. இரண்டு நாள் அழுதுவிட்டு, ஒன்பதாம் மாடி பத்மநாதன் அங்கிள் வீட்டில் மாற்றிவிட்டேன் என்றானாம். யாரோடு என்று கேட்டால் வாய் திறக்கிறானில்லையாம்.

"பத்து வயதுப் பிள்ளையைப் பேய்க்காட்டிப் பறிச்சிருக்கு, அண்ணை. கச்சேரியில பெரிய உத்தியோகம் பார்த்த ஆளின்ரை வீடு எண்டுதான் சத்தம் போடாமல் வந்தனான்."

பத்மநாதனுக்குக் காதுமடல் சுட்டது.

யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம். ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தவரில்லை. இங்கே காவலாளி உடுப்போடு லிஃப்டில் ஏறினாலும் ஆட்கள் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு மாடியிலும் தமிழ்ச் சனம். இருட்டுவதற்குள் எல்லாக் குசினியிலும் இந்தக் கதை வேகும்.

இந்த வீட்டில் பிள்ளை என்றால் ஒருத்திதான். துர்க்கா. பதினான்கு வயது.

கூப்பிட்டார். அப்படி ஏதும் அல்பம் இங்கே இருக்கிறதா என்று கேட்டார். அவள் போய், உடுப்பு அலுமாரிக்கு அடியிலிருந்து தடித்த நீல அல்பம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அவர் அதை அன்றுதான் பார்க்கிறார்.

தேநீர்த் தட்டத்தோடு வந்த மனைவி குணவதி குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

இக்னேசியஸ் அல்பத்துக்குக் கை நீட்டினார். பத்மநாதன் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். தன் வீட்டுச் சாமானைப் பிறத்தியார் கிண்ட விடமாட்டேன் என்றார். அந்தக் கார்ட் உள்ளே இருந்தாலும் நேர்மையாக வந்ததாகத்தான் இருக்கும் என்றார்.

சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

மாற்றியது நீதானே என்று கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

ஏமாற்றினாயா என்று கேட்டார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

இக்னேசியஸ் மெல்லச் செருமினார். அந்தச் செருமல் போதும்.

பத்மநாதன் கதிரையை இழுத்து அதன்மேல் ஏறி, புகை அலாரத்துக்குப் பிளாஸ்ரிக் பையைக் கட்டினார். கற்பூரப் புகைக்கு அது அலறாமல் இருக்க வெள்ளிக்கிழமைகளில் குணவதி செய்கிற வேலை. அவருக்கு முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. இறங்கி, சாமித்தட்டுக்கு முன்னால் பித்தளைத் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"கையால அணைச்சுச் சத்தியம் பண்ணு. நான் அவனை ஏமாத்தேல்லை எண்டு சொல்லு."

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரான இக்னேசியஸே பயந்துபோனார். சின்னப் பிள்ளை, உது வேண்டாம் அண்ணை என்று ஓரடி உள்ளே வந்தார். பத்மநாதன் அவர் பக்கம் திரும்பவில்லை.

துர்க்காவின் கை பாதியில் நின்றது. அவள் கண் தகப்பனைத் தாண்டி எங்கோ பின்னால் போயிற்று. ஒளிக்க இடம் தேடுகிற கண் என்று அவருக்குப் பட்டது.

தேநீர்த் தட்டம் மேசையில் வைபடும் சத்தம் கேட்டது.

குணவதி அவரைக் கடந்து போனாள். மகளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தன் உள்ளங்கையை எரிகிற கற்பூரத்தின்மேல் கவிழ்த்து அமத்தினாள்.

"சத்தியமா நான் அந்தப் பிள்ளையை ஏமாத்தேல்லை."

மகளுக்காகத் தாய் செய்கிற சத்தியம் செல்லாது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் அதற்குள் மேசைக்குப் போய்விட்டாள். கரி பிடித்த கையை விலத்தி வைத்துக்கொண்டு மற்றக் கையால் அல்பத்தைத் திறந்தாள். தேடவில்லை. நேரே அந்தப் பக்கம். படத்தில் விரல் படாமல், ஓரத்தில் பிடித்துக் கார்டை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் இக்னேசியஸுக்குக் காட்டினாள்.

"மேல் மூலை மழுங்கிக் கிடக்கு, பாருங்கோ தம்பி. மழுங்கினா மதிப்புக் குறைவு. எண்டாலும் இதுக்கு நான் நாலு கார்ட் குடுத்தனான். நாலும் பக்கெற்றாலை எடுத்தபடி புதுசு. வடிவா யோசிச்சுச் சொல்லு ராசா எண்டு ரெண்டு தரம் கேட்டனான்."

துர்க்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பத்மநாதன் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கார்டுக்கும் கீழே, வட்ட வட்டமான தமிழ் எழுத்தில் ஆட்டக்காரனின் பெயரும் ஆண்டும். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் பிரிக்காமல் அவரிடமே நீட்டுகிறவளின் எழுத்து. முதல் பக்கத்தில், அவர்கள் கனடாவுக்கு வந்த வருடம்.

சனிக்கிழமைகளில் கீழே உடுப்புத் தோய்க்கப் போனால் இரண்டு மணித்தியாலம் குணவதி வரமாட்டாள். மெஷின் எல்லாம் ஆட்களாம் என்பாள். ரீவியில் ஆட்டம் போனால், வேலையில்லாதவன் பார்க்கிற விளையாட்டு என்று அதை நிறுத்துகிறவர் அவர்தான்.

அந்த நாலும் மகனின் தலையணைக்குக் கீழே கிடக்கின்றன என்று இக்னேசியஸ் தாழ்ந்த குரலில் ஒத்துக்கொண்டார். தெரியாமல் கதைத்துவிட்டதாகச் சொன்னார். என்றாலும் பிள்ளை அழுகிறான், திருப்பி மாற்ற ஏலாதா என்று கேட்டார். கேட்டது பத்மநாதனைப் பார்த்து.

பத்மநாதன் தான் ஏறி நின்ற கதிரையைத் தூக்கிவந்து மேசையடியில் போட்டார். அதன் பலகையைத் தன் கைலேஞ்சியால் துடைத்து, மனைவி பக்கம் திருப்பி வைத்தார்.

குணவதி அதில் இருந்தாள்.

"நான் உங்களோடை மாத்தேல்லை, தம்பி. அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."