இடது கால் பெருவிரல்

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கணவரின் இடது கால் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கம் அங்கேதான் தொடங்கும்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு, அந்த ஒரு விரலை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

கழுத்தோரக் குழாய் வழியே ரத்தம் டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. தொடங்கி இருபது நிமிடம். முன்பு மூன்று தடவையும் அரைமணிக்குள் அந்த விரல் துடித்தது. பிறகு கால். பிறகு பல் கிட்டி, கட்டிலே ஆடியது.

ரத்தத்தில் கிருமி என்றார்கள்.

பரிசோதனைத் தாளில் பதினான்கு மருந்துகளின் பெயர் இருந்தது. பதின்மூன்று கேட்காது என்றார் டாக்டர். பதின்மூன்றையும் தின்று ஏப்பம் விட்ட கிருமி. மிச்சமிருந்த ஒன்றை மூன்று வாரம் ஏற்றினார்கள். பழைய குழாயை உருவிப் போட்டு, நடுவில் தொடையில் குழாய் போட்டு டயாலிசிஸைச் சமாளித்தார்கள்.

இன்று புதுக் குழாயில் முதல் தடவை. நடுக்கம் வராவிட்டால் பிழைத்தார் என்று அர்த்தம்.

வந்தால் என்ன என்று அவள் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

இருபத்தைந்து நிமிடம்.

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பழைய குழாய் இருந்தபோது, அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டருக்கு அடியில் அரிக்கிறது, அரிக்கிறது என்று அவர் ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். மதியம் சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்த பிறகு, அவள் பிளாஸ்டரின் ஓரத்தை மெல்லப் பிரித்தாள். மஞ்சளைக் குழைத்து, குழாயைச் சுற்றித் தடவினாள். பழையபடி ஒட்டினாள். அவள் வீட்டில் எந்தப் புண்ணுக்கும் அதுதான் வைத்தியம்.

நான்காம் நாள் காய்ச்சல்.

அதனால்தான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ரத்தக் குப்பியை ஆய்வகத்தில் கொடுக்க அவளை அனுப்பினார்கள். திரும்பி வருவதற்குள் பிளாஸ்டரைப் பிரித்துத் துடைத்திருந்தார்கள். மஞ்சள் கறை இருந்திருக்கும். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாமி காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுத்தாள்.

முப்பது நிமிடம்.

விரல் அசைந்தது.

எழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஈ.

பாழாய்ப்போன ஈ ஒன்று. விரட்டினாள். விரல் பழையபடி சும்மா இருந்தது.

நாற்பது நிமிடம். நாற்பத்தைந்து.

"போர்வைய எடுட்டீ. வேர்க்கு."

கண்ணை மூடியபடியே அவர் சொன்னார்.

எடுத்தாள். சட்டை நனைந்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஒரு மனிதனுக்கு வேர்த்ததற்காக யாராவது அழுவார்களா? அவள் அழுதாள். சத்தம் வெளியே வராமல் இருக்கப் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

நர்ஸ் சகாயமேரி வந்து காய்ச்சல் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். நோட்டில் எழுதினார்.

"ஒண்ணும் இல்ல. தப்பிச்சிட்டிய அண்ணாச்சி. இனிமே அரிச்சா எங்ககிட்ட சொல்லணும். அன்னைக்கு மாதிரி நீங்களே பிளாஸ்டரப் பிரிச்சு மஞ்சளத் தேய்க்கக் கூடாது, கேட்டியளா?"

"சரிம்மா" என்றார் அவர்.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவள் அப்படியே நின்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். மஞ்சள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

முந்தானையால் அவர் வேர்வையைத் துடைக்கப் போனாள். புதுப் பிளாஸ்டருக்கு ஒரு சாண் முன்னால் கை தானாக நின்றுவிட்டது.

கண்ணைத் திறக்காமலே, அவர் நெற்றியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

கண்ணை மூடினால் அவர் தூங்குகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.